எச்சில் குழாயும் சிவப்புக் கட்டமும்: வெளிநாடு வாழ் குடும்பங்களுக்கான ஒரு மரபணுப் பரிசோதனை பற்றி

வெளிநாட்டில் குடியேறிய இந்தியர்களுக்கும் அவர்களுடைய ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் சேர்த்து விற்கப்படும் ‘வைரஸ் நோயெதிர்ப்பு மரபணு அறிக்கை’ ஒன்றை, காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து நானும், சிங்கப்பூரிலிருந்து என் மகனும் சென்ற ஆண்டு வாங்கினோம். இரண்டு எச்சில் குழாய்கள், இரண்டு அறிக்கைகள், இருபது நிமிடத் தொலைபேசி ஆலோசனை எல்லாம் சேர்த்து ரூ.14,500. எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில், ‘குடியேறிய இந்தியர்களை வைரஸ்கள் ஏன் அதிகம் தாக்குகின்றன? விடை உங்கள் மரபணுவில்’ என்ற தலைப்போடு சுற்றிய விளம்பரத்தைப் பார்த்து வாங்கியது அது. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே சரக்கை வேறு பெயர்களில் விற்போரும் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் என்பதால் அறிக்கையைச் சற்றுக் கூடுதல் ஆர்வத்தோடும் சற்றுக் கூடுதல் சந்தேகத்தோடும் படித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டி கொரியரில் நான்காம் நாள் வந்தது. சாப்பிட்டோ தண்ணீர் குடித்தோ அரைமணி நேரம் ஆன பிறகு, குழாயில் போட்டிருக்கும் கோடு வரை எச்சில் நிரப்ப வேண்டும்; மூடியிலிருக்கும் நீலத் திரவம் அதில் கலக்கும்படி குலுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். எழுபது வயதில் வாய் காய்ந்துபோனவர்களுக்கு இது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அந்தக் குறிப்பேட்டை எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கு இருபத்தைந்து நிமிடமாயிற்று. முதல் குழாயில் போதிய டி.என்.ஏ. கிடைக்கவில்லை என்று மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. மாற்றுக் குழாயைக் கட்டணமில்லாமல் அனுப்பினார்கள் என்பதைக் குறை சொல்ல முடியாது. ஆக, பணம் கட்டிய நாளிலிருந்து அறிக்கை கைக்கு வர ஒன்பது வாரம். முப்பத்தெட்டுப் பக்கம், முழுக்க ஆங்கிலம். செட்டிநாட்டு ஆச்சிமார்களிடமும் ஐயாமார்களிடமும் தமிழில் விளம்பரம் செய்து பணம் வாங்குகிறவர்கள், இரண்டு பக்கச் சுருக்கத்தையாவது தமிழில் தந்திருக்கலாம்.

வீட்டில் நடந்துகொண்டிருந்த இந்த எச்சில் வைபவத்தை வளவுத் தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் ஆத்தா, தொண்ணூறை நெருங்குகிறவர், ஒரு வார்த்தை சொன்னார். “ஒங்க ஐயா கொண்டுவிக்கப் போனப்ப எச்சியப் பாத்தா கப்பல் ஏத்துனாக? தோள்ல அம்மை குத்துன தழும்பப் பாத்துத்தான் ஏத்துனாக.” கொண்டுவிக்கப் போவதென்றால் எங்கள் பேச்சில் வணிகத்துக்காகக் கடல்கடந்து போவது. அன்று சிரித்தேன். அறிக்கையைப் படித்து முடித்தபோது, இந்தச் சேவையைப் பற்றி நான் எழுத வேண்டியதில் பாதியை ஆத்தா சொல்லிவிட்டார் என்று தோன்றியது.

அறிக்கையின் முகப்பில் ஒரு வண்ணக் கட்டம் இருக்கிறது. வைரஸ்களின் பெயர்கள் ஒரு பக்கம். சிவப்பு, மஞ்சள், பச்சை மறுபக்கம். எனக்குக் கொரோனா சிவப்பு, டெங்கும் ஹெபடைடிஸ் பி-யும் மஞ்சள், இன்ஃப்ளூயன்சாவும், வாந்தி வயிற்றுப்போக்கைத் தரும் நோரோவைரஸும் பச்சை. மகனுக்குக் கொரோனாவும் பச்சை. இந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை ஒவ்வொன்றாகத் தேடினேன். தேடியபோது, அறிவியல் பெரும்பாலும் மெய்யாகவும் அதன்மேல் பூசிய சாயம் பெரும்பாலும் மிகையாகவும் இருந்தன.

முதலில் மெய்யான பகுதி. நோயெதிர்ப்பில் நேரடியாக வேலை பார்க்கும் மரபணுக்களில் தலையாயவை எச்.எல்.ஏ. என்ற தொகுதி, ஆறாம் குரோமோசோமின் குட்டைக் கையில் அடுத்தடுத்து அமைந்தவை. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்ததும் அதன் புரதங்கள் சிறு துண்டுகளாக நறுக்கப்படுகின்றன. எச்.எல்.ஏ. மூலக்கூறு தன் பள்ளத்தில் பொருந்தும் துண்டை ஏந்திக்கொண்டு செல்லின் மேற்பரப்புக்கு வந்து காட்டுகிறது. சுற்றிவரும் டி செல்கள் அதை அந்நியமென்று கண்டுகொண்டால் அந்தச் செல்லையே அழித்துவிடுகின்றன. பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். ஆத்தங்குடிக் கல் போடுகிற இடத்தில் ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு பூ வருவதைப்போல, ஒவ்வொரு வடிவத்துக்கும் சில துண்டுகள்தாம் படியும். மனிதரிடையே இத்தனை வேறுபாடு கொண்ட மரபணுத் தொகுதி வேறில்லை. இதுவரை பெயரிடப்பட்ட மாற்றுவடிவங்கள் பல்லாயிரம். ஒரே அச்சு எல்லாரிடமும் இருந்திருந்தால், அதில் படியாத ஒரு வைரஸ் ஊரையே துடைத்துவிட்டுப் போயிருக்கும். வெவ்வேறு நிலப்பகுதிகளில் வாழ்ந்த மக்களிடம் வெவ்வேறு வடிவங்கள் மிகுந்திருப்பதற்கு, அவர்களுடைய முன்னோர் எதிர்கொண்ட நோய்களும் ஒரு காரணம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. குடியேறியவர் தம்மோடு எடுத்துச்செல்வது பெட்டியை மட்டுமன்று, இந்த அச்சுகளையும்தான் என்று அறிக்கை சொல்வது சரியே.

இனி அந்தச் சிவப்புக் கட்டம். 2020-இல் மரபியலாளர்கள் ஹூகோ செபெர்க், ஸ்வான்டே பாபோ இருவரும் வெளியிட்ட ஆய்வின்மேல் அது நிற்கிறது. மூன்றாம் குரோமோசோமில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, முன்பே அற்றுப்போன நியாண்டர்தால் மனிதரிடமிருந்து நம் முன்னோருக்கு வந்தது. அதை வைத்திருப்போர் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு கூடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப்பேரும், ஐரோப்பாவில் ஆறில் ஒருவரும், வங்கதேசத்தில் 63 விழுக்காட்டினரும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்ற இரண்டு படிகளில் குறைந்தது ஒரு படியாக அதைச் சுமக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் அது அநேகமாக இல்லை. பாபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது, பழங்கால மனிதரின் மரபணுத்தொகையைப் படித்த வாழ்நாள் பணிக்காக. அறிக்கையில் அவருடைய பெயரும் நோபல் பரிசும் தடித்த எழுத்தில் இருக்கின்றன. என்னிடம் ஒரு படி இருக்கிறதாம். ஆகவே சிவப்பு, ஆகவே ‘1.6 மடங்கு’.

எதைவிட 1.6 மடங்கு என்ற கேள்விக்கு அறிக்கையில் விடை இல்லை. கொரோனாவில் ஆளைச் சாய்ப்பதில் வயதுக்கு நிகரான காரணி வேறில்லை என்பது தொற்றின் முதல் மாதங்களிலேயே தெரிந்துபோனது. இருபத்தெட்டு வயதுக்காரருக்கு இருக்கும் மிகச் சிறிய ஆபத்தை 1.6-ஆல் பெருக்கினாலும் அது சிறியதுதான். எழுபத்தைந்து வயதில் நீரிழிவோடு இருப்பவருக்கு அந்தத் துண்டு இல்லாவிட்டாலும் ஆபத்து பெரியதுதான். அறிக்கையோ வயதைக் கேட்கவுமில்லை. தடுப்பூசி போட்டோமா என்று கேட்கவுமில்லை. இருவரின் எச்சிலையும் ஒரே தராசில் வைத்து எனக்குச் சிவப்பு, மகனுக்குப் பச்சை என்று எழுதிவிட்டது. 2021 மே மாதம் எனக்குத் தொற்று வந்து, மூன்று நாள் காய்ச்சலோடு போனதை இங்கே சாட்சியாக வைக்க மாட்டேன். ஓர் ஆளின் கதை எதையும் நிரூபிக்காது.

இன்னொன்றும் உண்டு. அதே இருவர் 2021-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு, பன்னிரண்டாம் குரோமோசோமில் நியாண்டர்தால்களிடமிருந்தே வந்த வேறொரு துண்டு, கடுமையான கொரோனாவின் ஆபத்தை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறது என்று காட்டியது. அதுவும் என்னிடம் இருக்கிறது. முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடிக்குறிப்பில், சிறிய எழுத்தில் அதைக் கண்டுபிடித்தேன். தாத்தா வைத்துப்போன கடனை முகப்பில் ஒட்டி, அவரே வைத்துப்போன நகையைப் பரணில் போட்டதுபோல் இருந்தது.

விளம்பரம் எழுப்பிய கேள்வி, குடியேறியவர்களை வைரஸ்கள் ஏன் அதிகம் தாக்குகின்றன என்பது. அதற்கு இந்தத் துண்டைத்தான் விடையாக அறிக்கை வைக்கிறது. பிரிட்டனில் தெற்காசிய வம்சாவளியினர் அதிகம் இறந்ததை எடுத்துக்காட்டுகிறது. அவர்கள் அதிகம் இறந்தது உண்மை. ஆனால் முதல் அலையில் அந்நாட்டில் மிகுதியான இறப்பு விகிதம் காணப்பட்டது கறுப்பின ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம். அவர்களிடமோ இந்தத் துண்டு அநேகமாக இல்லவே இல்லை. இரண்டாம் அலையில் வங்கதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கு நேர்ந்த அளவு இழப்பு இந்திய வம்சாவளியினருக்கு நேரவில்லை. மூன்றாம் குரோமோசோமை மட்டும் வைத்து இந்த வேறுபாடுகளை எப்படி விளக்குவது? பேருந்து ஓட்டுகிறவர், மருத்துவமனையில் வேலைபார்க்கிறவர், மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீடு என்று பார்த்துக்கொண்டே போனால் படம் துலங்குகிறது. மரபணுவுக்கும் அந்தப் படத்தில் ஓர் இடம் உண்டு. அது மூலையில் இருக்கிறது.

சிங்கப்பூரைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. வாங்குகிறவர்களில் பலருடைய பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். 2020-இல் அங்குள்ள தொழிலாளர் விடுதிகளில் ஏறத்தாழ 3,23,000 பேர் இருந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் வங்கதேசத்தவரும் அவர்களில் நிறையப் பேர். அவ்வாண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்குப்படி 54,505 பேருக்கு நேரடிப் பரிசோதனையிலும், மேலும் 98,289 பேருக்கு ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருந்ததைக் கொண்டும் தொற்று உறுதியாயிற்று. நூற்றுக்கு 47 பேர். விடுதிக்கு வெளியே வாழ்ந்த மக்களிடம் தொற்று இதில் மிகச் சிறு பங்குதான். ஆனால் விடுதிகளில் இறந்தோர் மிகச் சிலரே. அந்த ‘ஆபத்தான’ துண்டை உலகிலேயே அதிகம் சுமக்கும் வங்கதேசத்து இளைஞர்கள் ஓர் அறைக்குப் பத்து, பன்னிரண்டு பேராக அடைபட்டிருந்தபோது, தொற்று பரவியது அறையின் கணக்குப்படி. உயிர் பிழைத்தது வயதின் கணக்குப்படி. குடியேறியவர்களுக்கான அறிக்கை என்று சொல்லிக்கொள்வது இதைப் பேசாமல் வேறெதைப் பேசுவது?

நகரத்தார் என்ற வணிகச் சமூகத்தைச் சேர்ந்த எங்கள் ஆட்களுக்கு இது புதிய செய்தியும் அன்று. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளில், அதாவது கடையும் தங்குமிடமும் ஒன்றான கூடங்களில், பகலில் பெட்டியடியாக, கணக்குப் பெட்டியோடு உட்காரும் இடமாக இருந்ததே இரவில் படுக்கையாகும். மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையன்களும் ஒரே கூடத்தில் வரிசையாகப் படுத்துக்கிடப்பார்கள். மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊருக்கு வந்தவர்கள், கிட்டங்கியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த வாரம் வரிசை முழுவதும் இருமும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மேல்தளத்தில் பயணம் செய்தவர்களை அக்கரையில் இறக்குவதற்குமுன் சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள செயின்ட் ஜான் தீவில் குவாரன்டைனில் வைத்தார்கள். இலங்கைக்குப் போகிற தோட்டத் தொழிலாளர்களை நம் பக்கத்திலேயே மண்டபம் முகாமில் வைத்தார்கள். அன்றைய அதிகாரிகளுக்கு எச்.எல்.ஏ. தெரியாது. முன்பு என்ன நோய் வந்தது, அம்மை குத்தியதா, கூட வந்தவர்களில் யாருக்குக் காய்ச்சல் என்ற மூன்று கேள்விகள் தெரியும். ஆத்தா சொன்ன தழும்பு அதில் இரண்டாவது கேள்விக்கான விடை.

இந்த மூன்று கேள்விகளின் அருமை எங்கள் வீட்டில் 2018-இலேயே தெரிந்தது. சிங்கப்பூரில் ஆறு பேரோடு ஒரு வீட்டைப் பகிர்ந்து இருந்த மகனுக்கு இருபத்தேழு வயதில் சின்னம்மை போட்டது. குழந்தைகளுக்கு வந்தால் ஒரு வாரம் வேப்பிலையோடு படுத்து எழும் நோய், பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரல் வரை போகக்கூடும், அவனுக்கும் போனது. பதினொரு நாள் மருத்துவமனை. என் மனைவி காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். அடுத்த மாசி பங்குனியில் எடுத்தும் முடித்தாள். ஊரில் இருந்தவரை அவனுக்கு வராத அம்மை அங்கே ஏன் வந்தது என்று அப்போது நானும் மரபணுப் பக்கமாகத்தான் யோசித்தேன். உண்மைக் காரணம் எளியது. குளிர்நாடுகளில் தடுப்பூசி வருவதற்கு முன்பு, பத்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சின்னம்மை வந்து போய்விடும். வெப்பநாடுகளில் பலர் அது வராமலே வளர்ந்துவிடுகிறார்கள். இந்தியாவின் பொதுத் தடுப்பூசி அட்டவணையிலும் சின்னம்மை ஊசி இல்லை. ஆகவே நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எதிர்ப்பு ஏதுமின்றி வயதுக்கு வந்து, விமானமேறி, நெருக்கமான அறைகளில் போய் இறங்குகிறார்கள். நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டிருந்தால் அந்தப் பதினொரு நாள் இருந்திராது. குடியேறியவர்களை மிகுதியாகத் தாக்கும் வைரஸ்களைப் பட்டியலிடும் இந்த அறிக்கையில் சின்னம்மை இல்லை. மரபணுக் கோணத்தில் அதைப்பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லாததால் விட்டிருப்பார்கள் போலும்.

மற்ற நிறங்களை விரைவாகக் கடக்கிறேன். நோரோவைரஸுக்கு எனக்குப் பச்சை கிடைத்தது நியாயமானது. எஃப்.யூ.டி.2 என்ற ஒரே மரபணு இருபடியிலும் செயலிழந்தவர்களின் குடல் சுவரில் அந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் சர்க்கரைக் கட்டமைப்பு இராது. பரவலான பல வகைகள் அவர்களைத் தொற்றுவதில்லை. மரபணுவும் வைரஸும் இவ்வளவு நேரடியாகப் பேசிக்கொள்ளும் இடங்கள் குறைவு. எச்.ஐ.வி. பகுதியில், அந்த வைரஸ் செல்லுக்குள் புகுவதைத் தடுக்கும் சி.சி.ஆர்.5 மரபணுவின் குறைவுபட்ட வடிவம் உங்களிடம் இல்லை என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். அது வட ஐரோப்பியரிடையே காணப்படுவது, இந்தியரிடம் மிக அரிது; சோதிக்காமலே சொல்லியிருக்கலாம். டெங்குவுக்கு மஞ்சள் தந்ததற்கு ஆதாரம், 2011-இல் வியட்நாமியக் குழந்தைகளிடையே நடந்த ஓர் ஆய்வு. நல்ல ஆய்வுதான், ஆனால் டெங்குவில் நான்கு வகைகள் இருப்பதும், ஒருவகை வந்து போனபின் வேறுவகை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு கூடுவதும் எந்த மரபணு நிறத்தையும்விட ஒருவருக்குப் பயன்படும் செய்தி. அதற்கு அறிக்கையில் இடம் இல்லை.

யாரோடு ஒப்பிட்டு இந்த நிறங்களைத் தீர்மானித்தார்கள் என்று பார்த்தபோது ஒரு வேடிக்கை கிடைத்தது. அறிக்கையில் என்னைத் ‘தமிழர்’ என்ற ஒப்பீட்டுக் குழுவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழு எது என்று கேட்டு மின்னஞ்சல் எழுதினேன். 2015-இல் நிறைவுற்ற ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தின் பொதுத் தரவு என்று பதில் வந்தது. அந்தத் திட்டத்தில் 26 மக்கள் குழுக்கள், 2,504 பேர். அதிலிருக்கும் தமிழர் குழு, பிரிட்டனில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள் நூறு பேர் அளவில். ஆக, செட்டிநாட்டில் ஊரைவிட்டு நகராமல் இருக்கும் நான் இயல்பானவனா என்று அளப்பதற்கு, கடல்கடந்து போனவர்களே அளவுகோல். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரத்தம் கொடுத்த அந்த நூறு பேரால்தான் தமிழுக்கென்று அங்கே ஓர் இடமே இருக்கிறது. ஆனால் குடியேறியவருக்கும் குடியேறாதவருக்கும் இடையிலான வேறுபாட்டைச் சொல்வதாக விற்கப்படும் ஓர் அறிக்கை இப்படி ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு அதை முகப்பில் சொல்லாமல் இருப்பது முறையன்று. உலகெங்கும் நடந்த இவ்வகை ஆய்வுகளில் பங்கேற்றோரில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

இதில் நாம் இழப்பது என்னவென்றால், உள்ளூர் நுணுக்கம். நகரத்தார் ஒன்பது கோயில்களாக, அதாவது ஒன்பது குலப்பிரிவுகளாக, பிரிந்தவர்கள்; ஒரே கோயிலுக்குள், அதன் உட்பிரிவும் ஒன்றாயிருந்தால், பெண் எடுப்பதில்லை; சமூகத்துக்கு வெளியேயும் நெடுங்காலம் எடுத்ததில்லை. இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தச் சுவடிகளையும், கோயிலில் மணமானவர்களைப் பதியும் புள்ளிக் கணக்கையும் வைத்துப் பல தலைமுறைகளின் திருமண வலையை வரைந்துவிடலாம். இப்படிப்பட்ட ஆவணம் கிடைத்தால் எந்த மரபியலாளரும் விடமாட்டார். இந்தியாவில் இப்படித் தமக்குள்ளேயே மணந்துகொண்ட பல சமூகங்களில் சில மரபணு மாற்றங்கள் அளவுக்கு மீறித் திரண்டிருப்பதை 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆந்திரத்து வைசியர்களிடம், அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தத் தரும் ஒரு மருந்தை உடைக்கும் நொதியின் குறைபாடு மிகுந்திருப்பது மருத்துவர்களிடையே நெடுநாளாகத் தெரிந்த எடுத்துக்காட்டு. எங்களுக்குள் எந்த எச்.எல்.ஏ. வடிவங்கள் திரண்டிருக்கின்றன என்பதைத்தான் நான் இந்த 14,500 ரூபாய்க்கு எதிர்பார்த்தேன். விண்ணப்பத்தில் சமூகத்தைக் கேட்ட பெட்டியில் ‘தென்னிந்தியர்’ என்ற ஒரே விடைதான் இருந்தது. பதினாயிரம் இந்தியர்களின் முழு மரபணுத்தொகையைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இனி வரும் அறிக்கைகளாவது அதை எடுத்துக்கொள்ளட்டும்.

அறிக்கையின் மிகப் பயனுள்ள பக்கம் வைரஸைப் பற்றியதே அன்று. இருபத்தாறாம் பக்கத்தில், எச்.எல்.ஏ. வடிவங்களின் பட்டியலுக்குக் கீழே, மருந்து ஒவ்வாமை பற்றி நான்கு வரிகள் இருக்கின்றன. வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் தரும் கார்பமசெபின் என்ற மாத்திரை, எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற வடிவம் உள்ளவர்களில் சிலருக்குத் தோலே உரிந்து உயிருக்கு ஆபத்தாகும் எதிர்வினையைத் தருகிறது. தைவானில் 2004-இல் வெளியான ஆய்வில், அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரிடமும் இந்த வடிவம் இருந்தது. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்குமுன் இந்தப் பரிசோதனையைச் செய்வது நடைமுறை. அதேபோல் எச்.ஐ.வி.-யைச் சிலரிடம் கட்டுக்குள் வைக்க உதவும் பி 57:01 என்ற வடிவம் இந்தியரிடையே அரிதன்று. அது இருப்போரில் பலருக்கு அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து ஒவ்வாது. வைரஸை எதிர்ப்பதில் கைகொடுக்கிற அச்சே மருந்தை எதிரியாகக் கருதிவிடுகிற இந்த விசித்திரத்தை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். என் பெயர் போட்ட தாளில் படிக்கும்போது ஒரு சிலிர்ப்பு இருந்தது.

அந்தச் சிலிர்ப்பையும் அவர்களே கெடுத்தார்கள். எச்.எல்.ஏ. வடிவங்கள் நேரடியாகப் படிக்கப்பட்டவை அல்ல. மரபணுத்தொகையில் ஆங்காங்கே சில லட்சம் எழுத்துகளை மட்டும் ஒரு சிப்பில் படித்துவிட்டு, இடையில் இருப்பதைக் கணிப்பொறி ஊகித்து எழுதியிருக்கிறது. ஒப்பீட்டுக்கு நம்மவர் போதிய அளவில் இல்லாத தரவை வைத்து ஊகித்தால் பிழை கூடும். ‘பி 15:02 இல்லை’ என்று எனக்கு எழுதியதற்குப் பக்கத்தில் நம்பகம் ஒன்றுக்கு 0.71 என்று இருக்கிறது. அதை நம்பி எந்த மருத்துவரும் மாத்திரை எழுத மாட்டார், எழுதவும் கூடாது. மாற்று உறுப்புக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் பொருத்தம் பார்க்கும்போது செய்யும் எச்.எல்.ஏ. பரிசோதனை நேரடியானது. சென்னையில் இயங்கும் தாத்ரி என்ற ரத்த மூலசெல் கொடையாளர் பதிவகத்தில் என் தங்கை மகள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்துப் பதிந்திருக்கிறாள். காசு வாங்காமல் செய்த அந்தப் பரிசோதனை என் அறிக்கையைவிடத் துல்லியமானது. வெளிநாட்டில் ரத்தப் புற்றுநோயோடு இருக்கும் ஓர் இந்தியக் குழந்தைக்குப் பொருந்தும் கொடையாளர் அங்கே கிடைக்காமல் இங்கே தேடப்படுவது, குடியேற்றமும் எச்.எல்.ஏ.-யும் மெய்யாகவே சந்திக்கும் இடம்.

தொலைபேசி ஆலோசனையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். பேசிய இளம்பெண் தமிழில் பேசினார், அவசரப்படவில்லை, தெரியாததைத் தெரியாது என்றார். “சார், இந்தச் சிவப்பைப் பார்த்து நீங்க எதையும் மாத்த வேண்டியதில்லை, ஃப்ளூ ஊசி போட்டிருக்கீங்களா, அதைச் சொல்லுங்க” என்றுதான் தொடங்கினார். மகன் ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றையும் முடித்தானா என்று கேட்டார், முடிக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காக நான் கொடுத்த பணத்தில் கொஞ்சம் செரித்தது. இந்தப் பெண் பேசியதை எழுதி அறிக்கையின் முதல் பக்கமாக வைத்தால் ஐந்துக்கு நான்கு தருவேன். இப்போது முழுச் சேவைக்கும் இரண்டுதான்.

கடைசியாக, வாங்குமுன் நான் யோசிக்காமல் விட்ட ஒன்று. கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பியிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவன் சிரிக்கவில்லை. “அண்ணே, ஒங்க எச்சில்ல என்னோட பாதியும் இருக்குல்ல? என்னைய யாரு கேட்டா?” என்றான். உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணுவைப் பகிர்கிறவர்கள், கேள்வி நியாயமானது. உலகில் இவ்வகைச் சேவையில் முன்னோடியான அமெரிக்க நிறுவனம் ஒன்று 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தபோது, கோடிக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவு யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்ததை அவன் நினைவூட்டினான். நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கொடுத்த தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. கணக்கிற்குள் போனால் அதற்கான பொத்தான் இல்லை. தனியாக மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. என் எச்சிலையும் தரவையும் 45 நாளில் அழித்துவிட்டு உறுதிக் கடிதம் அனுப்புவதாகப் பதில் வந்தது. நேற்றோடு 52 நாள். இன்று காலை நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன். கடிதம் வந்தால் இதன் கீழ் ஒரு வரி சேர்க்கிறேன்.